நைட் ஷிஃப்ட் வாரத்தில் வந்தவள்

கோயிலில் அவள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தோளில் ஒரே ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனவள் லிபியா. ஐந்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் கெலமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

இறங்கியதும் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். டிசம்பர் குளிருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊரில் அவள் பெயர் அடிபடாத வாய் ஏது?

"மூணு ஓலையில ஒண்ணுதான் வாசிச்சாங்க. ரெண்டாவது வாசிக்கறதுக்குள்ள பொண்ணு கம்பி நீட்டிடுச்சு!"

பேசியவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கோயிலில் அன்றைக்குப் பூசை முடிகிற நேரத்தில், 'கெலமங்கலம் சவரியப்பன், மேரிராணி இவர்களின் இளைய மகள் லிபியாவுக்கும், கிருஷ்ணகிரி...' என்று பங்குச்சாமியார் வாசித்து, 'தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்' என்று முடித்தார். சாயங்காலமே ஒருத்தி அறிவிக்க வந்து நின்றாள்.

"தடை இருக்குது சாமி."

"என்னம்மா தடை?"

"நான்தான் சாமி. எனக்கு இஷ்டமில்ல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அப்பா கேட்டார். அம்மா அழுதாள். மாப்பிள்ளை பென்சன் ஒன்றும் அந்நியன் இல்லை, அக்கா ஃபெபாவின் கொழுந்தன். அக்காளும் தங்கையும் ஒரே வீட்டுக்கு மருமகளாகப் போகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அன்று மத்தியானம் அந்தப் பென்சனே போனில் அழுதது லிபியாவுக்கு மட்டும்தான் தெரியும். பெங்களூரில் கூட வேலை செய்கிற பெண்ணோடு அவனுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்து நாலு மாதமாகியிருந்தது. "நான் சொன்னா எங்கம்மா தாங்காதுங்க. நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. கால்ல விழறன்."

அவள் சொல்லிவிட்டாள். பழி அவன் பக்கம் என்று தெரிந்தால் அப்பா நேரே சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நசுங்குகிறவள் ஃபெபா. அக்கா நிம்மதியாக இருக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு ஹோசூருக்குப் போனவள்தான்.

இப்போது திரும்பி வந்திருப்பது ஒரு பச்சை ஃபைலுக்காக.

நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிற கம்பெனியில் பர்மனன்ட் ஆக்குகிறார்கள். நாளை காலை ஒன்பதரை மணிக்குள் டிப்ளமோ ஒரிஜினலும் மார்க்‌ஷீட்டுகளும் மேஜையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பேட்ச். அந்த அடுத்த பேட்ச் எப்போது என்று எச்.ஆர். மேடத்துக்கே தெரியாது.

"உங்கம்மாவுக்குப் போன் போட்டுட்டுப் போயேன்டி," என்று கூட இருக்கிற ஸ்வாதி சொல்லத்தான் சொன்னாள்.

"எங்கம்மாவா? நான் வர்றது தெரிஞ்சா அவங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும். அப்பா படிச்சுடுவாரு."

"அப்பா இல்லாத நேரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஷிஃப்ட் எண்ணத் தெரியாதா எனக்கு?"

சவரியப்பன் ஹோசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டோர்ஸில் இருக்கிறார். ஒரு வாரம் ஃபர்ஸ்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். தான் வீட்டை விட்டுப் போன வாரத்திலிருந்து காலண்டரில் மும்மூன்றாக எண்ணிப் பார்த்தாள். இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அப்பா விடியுமுன் போனால் வீடு வர மூன்று மணி. தனக்கு மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்ட். பத்து மணிக்குப் போய்ப் பத்தரைக்குக் கிளம்பினால் தீர்ந்தது வேலை.

தெரு மாறவில்லை. வீட்டு முகப்பில் இந்த வருஷத்து நட்சத்திரத்தை மட்டும் இன்னும் கட்டவில்லை.

படியேறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கதவோரம் கறுப்பு சேஃப்டி ஷூ. ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து, உள்ளே சாக்ஸ் திணித்து வைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். காலிங் பெல்லின் வயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

பெல் வயர் பிடுங்கியிருந்தால் நைட் ஷிஃப்ட் வாரம். உள்ளே அப்பா தூங்குகிறார்!

திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கால் கீழ்ப்படிக்குப் போயிற்று. அதற்குள் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கையில் முறத்தோடு மேரிராணி.

அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், சந்தோஷத்தில்கூட மறக்கவில்லை.

"பாப்பா!" என்றாள் வெறும் காற்றாக. மகளின் மணிக்கட்டைப் பிடித்து நேரே சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் அழுதாள். அதுவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"ஏம்மா, இது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரமாச்சே? அப்பா எப்படி வீட்டுல?"

"எந்தக் காலண்டர்ல பாத்த? ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் பிளாண்ட்டை மூடிட்டாங்க, ஆர்டர் இல்லைன்னு. சுத்து ஒரு வாரம் தள்ளிப் போச்சு. ஊர்ல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீதான் மகராணி, யாருக்கும் சொல்லாம கொள்ளாம..."

"மெதுவா திட்டும்மா."

"மெதுவாத்தான் திட்டறன். ஒரு போன் பண்றதுக்கு உனக்கு வெரலு தேஞ்சா போயிடும்?"

"ரெண்டு தடவ பண்ணுனன். ரெண்டு தடவையும் நீ அழுதுட்டு வெச்சுட்ட."

"நாலாவது தடவ பண்ணியிருந்தா பேசியிருப்பன்."

"மூணாவது?"

"மூணாவதும் அழுதுதான் இருப்பன்."

லிபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் வெங்காய வாசனை. அடுப்பில் வடிசோறு கொதித்துக்கொண்டிருந்தது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் இந்த வீட்டில் குக்கர் ஏறாது, விசில் அடிக்கும் என்று. சட்னி அரைப்பது பக்கத்து வீட்டு மாரம்மாவின் மிக்ஸியில்.

பச்சை ஃபைல் விஷயத்தை லிபியா சொன்னாள். நாளைக்கு ஒன்பதரை மணி என்பதையும் சொன்னாள்.

"பர்மனன்ட்டா?" மேரிராணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆனா ஃபைலு பீரோவுல இருக்குது. பீரோ அவரு படுத்திருக்கற ரூம்ல இருக்குது."

"சாவி?"

"பூட்டறதே இல்ல. பூட்டு எதுக்கு? அது கதவைத் தொறந்தா ஊருக்கே கேக்கும்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேரிராணி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

*

சவரியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளிச்சம் படாமல் இருக்க முகத்தில் ஒரு கறுப்புத் துணி. அதற்குக் கீழே மேலும் கீழும் ஏறி இறங்குகிற வயிறு. அவர் போர்த்தியிருந்தது, நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட கம்பளி.

அது லிபியாவின் கம்பளி. வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டியவை என்று ஸ்வாதியும் அவளும் உட்கார்ந்து எழுதிய லிஸ்டில் இரண்டாவதாக இருந்தது. ஹோசூர்க் குளிரில் ஐந்து மாதமாக ஒரு பழைய பெட்ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறாள்.

'கம்பளிய விட்டுடு' என்று அம்மா கண்ணால் சொன்னாள். 'விட்டாச்சு' என்று இவள் தலையசைத்தாள்.

கீல் மூன்றுக்கும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாகிவிட்டது. மேரிராணி கதவை அங்குலம் அங்குலமாக இழுத்தாள். பாதியில் 'க்ர்ர்' என்றது. இருவரும் சிலையானார்கள். கட்டிலில் குறட்டை ஒரு நொடி நின்று, பிறகு வேறு ராகத்தில் தொடங்கியது.

மூன்றாவது தட்டு லிபியாவுடையது. அவள் போட்டுவிட்டுப் போனபடியே இருந்தது. சுடிதார்கள், இன்டர்வியூவுக்கு வாங்கிய கறுப்பு ஷூ, டிப்ளமோ பிராஜக்டுக்கு வாங்கிய சால்டரிங் அயன், முதல் நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த நாளில் தலையில் பூமுடியோடு நிற்கிற போட்டோ. ஒவ்வொன்றாகப் பைக்குள் போனது. அம்மா எடுத்துக் கொடுக்க, மகள் வாங்கி வைக்க, ஒரு வார்த்தை இல்லை.

தட்டின் அடியில் விரித்திருந்த பேப்பர்தான் கடைசியில் மிச்சம்.

ஃபைலைக் காணோம்.

"எங்கம்மா?"

"இங்கதான்டி... இங்கதான் இருந்துச்சு. போன மாசம் அந்துருண்டை போடறப்பக்கூட..." மேரிராணி இரண்டாவது தட்டைத் துழாவினாள். நாலாவதைத் துழாவினாள். தன் கல்யாணப் புடவைக்குக் கீழேகூடப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "அந்துருண்டை போடறப்ப இருந்துச்சான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

லிபியா காலித் தட்டையே பார்த்தாள். எரித்திருப்பாரா? சீ, அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தை நினைத்தால் எதுவும் நடந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. ஊரே திரும்பிப் பார்க்கக் கோயிலிலிருந்து நடந்து வந்தவர், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாரே!

அப்போது பின்வாசல் கதவு படாரென்று திறந்தது.

"மேரியம்மா! சட்னி ஆயித்து!" அரைத்த சட்னியோடு மிக்ஸி ஜாரை ஏந்திக்கொண்டு மாரம்மா. மெதுவாகப் பேசுவது எப்படி என்று அந்த அம்மாளுக்குக் கன்னடத்திலும் தெரியாது, தமிழிலும் தெரியாது. அறைக்குள் எட்டிப் பார்த்தவள் கண்கள் விரிந்தன. "லிபியா! யாவாக பந்தெ புட்டி? எஷ்டு சொரகித்தீய!"

எப்போது வந்தாய், எவ்வளவு இளைத்துவிட்டாய் என்று ஆசையாகத்தான் கேட்டாள். நாலு வீட்டுக்குக் கேட்டது.

குறட்டை நின்றது. இந்தத் தடவை தொடரவில்லை.

கறுப்புத் துணியை எடுத்துவிட்டுச் சவரியப்பன் எழுந்து உட்கார்ந்தார். பீரோ திறந்திருக்கிறது. மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள். மகள் பையோடு நிற்கிறாள். பக்கத்து வீட்டம்மாள் சட்னியோடு நிற்கிறாள்.

"பாகிலு ஹாக்கிக்கொண்டு ஹோகுத்தேனே," கதவைச் சாத்திக்கொண்டு போகிறேன் என்று மாரம்மா ஜாரைக் கீழே வைத்துவிட்டு மறைந்தாள்.

"மணி என்னா?" என்று கேட்டார் சவரியப்பன்.

"பத்து இருவது," என்றாள் லிபியா. இன்னும் கிசுகிசுப்பாகவே.

"ஏன், எல்லாரும் குசுகுசுன்னு பேசறீங்க? வீட்டுல சாவு விழுந்துடுச்சா?"

சவரியப்பன் காலைத் தரையில் ஊன்றினார்.

"சாப்ட்டியா?"

கேட்டது தன்னையா அம்மாவையா என்று லிபியாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் முந்தானையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"இல்லப்பா. ஃபைலு... பச்சை ஃபைலு வேணும். நாளைக்கு வெரிஃபிகேஷன். பர்மனன்ட் பண்றாங்க."

"பர்மனன்ட்டு." அந்த வார்த்தையை ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்தார். "நாலு வருசத்துல. எனக்கு ஆறு வருசம் ஆச்சு." பிறகு பீரோவைப் பார்த்தார். "அது இங்க இல்ல. கம்பெனி லாக்கர்ல இருக்குது."

"லாக்கர்லயா? எதுக்குங்க அவ சர்டிஃபிகேட்டு உங்க லாக்கர்ல?" மேரிராணிக்கு ஐந்து மாதமாக அடக்கிய குரல் மொத்தமாக வெளியே வந்தது.

"வீட்டுல இருந்தா நீ குடுத்தனுப்பிடுவ."

"குடுத்தா என்னாவாம்?"

"குடுத்துட்டா அவ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறா?" சவரியப்பன் கம்பளியை மடிக்க ஆரம்பித்தார். மூலைக்கு மூலை சரியாக. "துணி புதுசா வாங்கிக்குவா. கம்பளி வாங்கிக்குவா. ஒரிஜினலு வாங்க முடியுமா? அது எங்கிட்ட இருக்கற வரைக்கும் ஒரு நாளு வந்துதான் ஆகணும். அதான், தொலைஞ்சுடாத எடத்துல வெச்சன்."

லிபியா பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் தேங்காய் எண்ணெய்.

"எங்கிட்டக்கூடச் சொல்லல பாருடி இந்த மனுசன்," என்றாள் மேரிராணி. "அஞ்சு மாசமா இவருக்குக் கோவம்னு நெனச்சு நான் உம் பேரையே எடுக்காம இருந்தன்."

"கோவந்தான். இல்லைன்னு யாரு சொன்னது?"

"இப்பப் போயி எடுத்தாந்து குடுங்களேன்."

"ஷிஃப்ட் இல்லாத நேரத்துல கேட்டுல விடுவாங்களா? ராத்திரி போறன், காலையில ஆறு மணிக்குக் கையில எடுத்துக்கிட்டு வர்றன். அவளுக்கு ஒம்பதரைக்குத்தான வேணும்?"

லிபியா தலையாட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது.

சவரியப்பன் அவள் பையைச் சுட்டினார். "என்னென்ன போவுது?"

"அப்பா..."

"இருபத்தெட்டு வருசமா கேட்பாஸ் எழுதறவன்டி நான். பாஸ் இல்லாம ஒரு நட்டு வெளிய போனதில்ல. எடுத்து வெளிய வெய்."

ஃபாக்டரியில் வேலை செய்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரிப்பேருக்குப் போகிற அச்சு திரும்பி வரும், அதற்கு ரிட்டர்னபிள் பாஸ். கழிவாகப் போகிற இரும்பு வராது, அதற்கு நான்-ரிட்டர்னபிள் பாஸ். எது திரும்பும் எது திரும்பாது என்று எழுதாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்கமாட்டான். லிபியா தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"சுடிதார் நாலு."

"நான்-ரிட்டர்னபிள். போட்டும். கிழிஞ்சா திரும்பி வந்து என்னா ஆவப்போவுது?"

"ஷூ."

"அதுவும் அப்படியே."

"சால்டரிங் அயன்."

"ஏய், அது நான் வாங்கிக் குடுத்தது. ரிட்டர்னபிள். கிறிஸ்மஸ்ஸுக்கு ஸ்டார் லைட்டு யாரு பத்த வெக்கறது? ரெண்டு வருசமா நீ ஒட்டிக் குடுத்துதான் எரியுது. இந்த வருசம் இன்னும் கட்டவே இல்ல."

"சரி, ரிட்டர்னபிள்."

"போட்டோ?"

லிபியா போட்டோவைப் பார்த்தாள். பூமுடி ஒரு பக்கம் சரிந்து, முன்பல் இரண்டு இல்லாமல் சிரிக்கிற எட்டு வயசுக்காரி. "இது வேணாம்ப்பா. இங்கயே இருக்கட்டும்."

"அப்ப இதை எடுத்துக்க." மடித்த கம்பளியை நீட்டினார்.

"நீ போத்திக்கப்பா. உனக்குத்தான் பகல்ல குளிருது."

"எனக்கு ஒண்ணும் குளுரல. வாசனைக்காகப் போத்திக்கிட்டன்." சொன்ன பிறகு சவரியப்பனுக்கே வெட்கமாகப் போயிற்று. "நாப்தலின் வாசனைக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

மேரிராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் பாஸ் எழுதிட்டீங்க. இந்தப் பொண்ணு? இவள எதுல எழுதப்போறீங்க?"

அப்பா எழுந்து பீரோவைச் சாத்தினார், மகள் துணிகளை மறுபடி பைக்குள் அடுக்கினாள். ஃபாக்டரி தெரியாதவர்கள்தான் இப்படி நேருக்கு நேர் கேட்பார்கள்.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்ட. இட்லி எடுத்து வெய்," என்றார் சவரியப்பன்.

*

நாலு இட்லி ஆறாயிற்று. மாரம்மாவின் சட்னியில் உப்பு ஒரு கல் தூக்கல். லிபியா சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து தூங்கி வழிகிற கண்ணோடு அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்ற வந்த மேரிராணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவாவது சொல்லேன்டி. அந்தப் பையன்கிட்ட என்னா குத்தத்தைக் கண்ட? படிச்சவன், நல்ல சம்பளம், உங்கக்கா வூடு..."

லிபியா இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பேச்ச விடு," என்றார் சவரியப்பன்.

"நீங்கதான ஒரு மாசம் தலையால தண்ணி குடிச்சீங்க, என்னான்னு கேக்காம உட மாட்டன்னு?"

"விடுன்னா விடு. அவ பஸ்ஸுக்குப் போவணும்."

லிபியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மேரிராணி ஒரு டப்பாவில் ஊறுகாயும், இன்னொரு டப்பாவில் எள்ளுருண்டையும் திணித்தாள். "இது ரிட்டர்னபிள். ரெண்டு டப்பாவும் ஒழுங்கா திரும்பி வரணும்!" என்று அவள் சொன்னதற்குச் சவரியப்பனே சிரித்துவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பையை அவரே தூக்கினார்.

"நீ தூங்குப்பா. ராத்திரி ட்யூட்டி."

"தூக்கம் போச்சு. நட."

தெருமுனை தாண்டினார்கள். எதிரே வந்த இரண்டு பேர் வணக்கம் சொல்லிவிட்டு, நகராமல் நின்று பார்த்தார்கள். லிபியாவின் கை துப்பட்டாவுக்குப் போயிற்று.

"எதுக்கு மூடற? பாத்தா பாக்கட்டும்," என்றார் சவரியப்பன் முன்னால் பார்த்தபடி. பிறகு, "நீ இருக்கற எடம் எங்க?" என்று கேட்டார்.

ஐந்து மாதமாகத் தன் மகள் எந்தத் தெருவில் படுத்து எழுகிறாள் என்று தெரியாத மனுஷர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பாகலூர் ரோட்டுலப்பா. தண்ணி டேங்குக்கு எதிர் சந்து. மூணாவது வீடு, மேல் மாடி."

"தண்ணி டேங்கு. எதிர் சந்து. மூணாவது வீடு." ஸ்டோர்ஸில் பார்ட் நம்பர் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "காலையில கம்பெனி வேன்ல வரல. ஃபைல எடுத்துக்கிட்டு நேரா அங்கயே வந்துடறன். ஆறே முக்காலு ஆவும். முழிச்சிருப்பியா?"

"முழிச்சிருப்பன். டீ போட்டு வெக்கறன்."

"சக்கர கம்மியா போடு. இப்ப சுகர் இருக்குது."

"எப்பலருந்து?"

"நீ போன பொறவுதான் பாத்தாங்க. அதுக்கு முன்னாலருந்தே இருந்திருக்கும்." மகள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "உன்னால வந்ததில்ல, விடு," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஹோசூர் பஸ் இன்னும் வரவில்லை. பையைக் கீழே வைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். வீட்டில் தாழ்த்தாத குரலை நடு பஸ் ஸ்டாண்டில் தாழ்த்தினார்.

"பென்சன் வந்து என்னைப் பாத்தான். போன வாரம், கம்பெனி கேட்டுல."

லிபியா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் சொன்னான். அழுதான். நாலு அறை வெக்கணும்னு கை வந்துச்சு. வெக்கல. நாலு பேரு பாக்கறாங்க." மூச்சை இழுத்துவிட்டார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல, பாப்பா?"

"சொன்னா நீ அவங்க வீட்டுக்குப் போயிருப்பியேப்பா."

"போயிருப்பன்."

"போயி?"

"கத்தியிருப்பன்."

"அப்புறம் ஃபெபா அந்த வீட்டுல எப்படி இருப்பா?"

சவரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அதனாலதான் உங்கம்மாகிட்டயும் நான் சொல்லல. அவகிட்டச் சொன்னா மாரம்மா மிக்ஸி போடறதுக்குள்ள கிருஷ்ணகிரி சம்பந்தி வூட்டுக்குச் சேதி போயிடும்."

ஐந்து மாதமாகத் தனியாகச் சுமந்ததில் இன்னொரு கையும் இருந்திருக்கிறது, ஒரு வாரமாக. எத்தனை நாள் இருக்கும் இப்படி லேசாக மூச்சு விட்டு!

"ஃபெபா நல்லா இருந்தா போதும்ப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், மறுபடி உள்ளே போட்டார்.

"என்னாப்பா?"

"நேத்து ஃபெபா போன் பண்ணுனா. ஞாயித்துக்கிழமை வர்றாளாம்."

"கிறிஸ்மஸ்ஸுக்கா? இன்னும் பத்து நாளு இருக்குதே."

"கிறிஸ்மஸ்ஸுக்கு இல்ல." வார்த்தைகளைத் தேடினார். "'அப்பா, என் துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துடட்டுமா, பீரோவுல எடம் இருக்குதா'ன்னு கேட்டா. மாமியாக்காரி விடியறதுலருந்து படுக்கற வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிக் குத்தறாளாம். தங்கச்சி ஓலைய மீறி ஓடுனவ, அக்காகாரி மட்டும் எப்படி இருப்பான்னு. கட்டுன மாப்ள ஸ்டெபின் வாயத் தொறக்கறதில்ல. அஞ்சு மாசமா பொறுத்துக்கிட்டு இருந்திருக்கறா. நமக்குத்தான் தெரியல."

லிபியா யாருக்காக வாயைக் கட்டினாளோ, அவளைத்தான் அந்த மௌனம் அடித்திருக்கிறது. தினமும். தவணை தவணையாக.

"நீ என்னா சொன்ன?"

"வான்னு சொன்னன். பெத்தவன் வேற என்னா சொல்லுவன்?"

"பென்சன் விஷயம்?"

"அத நான் சொல்லல. நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி ஹோசூர் என்று கத்தினார். சவரியப்பன் பையை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டு இடம் பிடித்தார். லிபியா ஏறி உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா. ஞாயித்துக்கிழமை நானும் வர்றன். ஃபெபாகிட்ட நான்தான் சொல்லணும்."

"சொன்னா அவங்க வீடு ரெண்டாவும்."

"இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்குது?"

சவரியப்பன் அவளையே பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நகர, அவரும் கூடவே நாலு எட்டு நடந்தார்.

"பூசை எட்டு மணிக்கு. பூசை முடிஞ்சு வீட்டுக்கு வர்றியா, இல்ல பூசைக்கே வர்றியா?"

அந்தக் கோயிலில்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள். அவளை அறிந்த அத்தனை முகமும் அங்கே இருக்கும்.

"பூசைக்கே வர்றன்ப்பா."

"யோசிச்சுச் சொல்லு." பஸ்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் நின்றுவிட்டார். வாயருகே கை குவித்துக் கத்தினார். "ஃபெபாவ கார்ல கூட்டிக்கிட்டு வர்றதே பென்சன்தான்!"

ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லிபியா கையை வெளியே நீட்டி ஆட்டினாள். வருகிறேன் என்று.